கை கடைசியில்தான் தடுமாறும்: அறுவைப் பயிற்சிக் காலத்து மனச்சோர்வும் பர்ன்அவுட்டும்

அறுவைச் சிகிச்சைப் பயிற்சியில் இருக்கும் ஒருவர் உள்ளுக்குள் உடைந்துகொண்டிருக்கிறாரா என்பதைத் தியேட்டரில் வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தால் ஏமாந்துதான் போவோம். எதிரே நிற்கும் சீனியர், சுற்றியிருக்கும் குழு, அடுத்த படி எது என்ற தெளிவு எல்லாம் சேர்ந்து அங்கே ஆளைத் தாங்கிப் பிடித்துவிடும். முடிச்சு ஒழுங்காக விழும், தையல் நேராக இருக்கும். அதற்குப் பல வாரங்கள் முன்பே கோளாறு வேறு இடங்களில் தலைகாட்டியிருக்கும். செய்த கேஸ்களைக் குறித்துவைக்கும் லாக் புக்கில் பதிவு நின்றுபோயிருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரிகள் தேங்கும். ரவுண்ட்ஸுக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பவர் பத்து நிமிடம் கழித்து வருவார். ஸ்கேனைத் தானே திறந்து பார்த்து வாதிடுபவர், ரிப்போர்ட்டை மட்டும் வாசித்துவிட்டு நகர்வார். டூட்டி முடிந்த பிறகும் வேலையே இல்லாமல் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்திருப்பார். எழுந்து போக மனம் வராது.

“ஆபரேஷன் நன்றாகத்தானே பண்ணுகிறார், அவருக்கு என்ன?” சிகிச்சையைத் தள்ளிப்போடும் வாக்கியங்களில் இதைவிட மோசமானது இல்லை. சக மருத்துவர்கள் சொல்வது போதாதென்று பாதிக்கப்பட்டவரும் தனக்குத் தானே இதையே சொல்லிக்கொள்வார். கை தடுமாறும் வரை காத்திருந்தால் நோய் முற்றிய பிறகுதான் கண்டுபிடிப்போம்.

முதலில் மனச்சோர்வையும், வேலைச் சுமையில் வறண்டு ஓய்ந்துபோவதான பர்ன்அவுட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பர்ன்அவுட் என்பதை உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் நோயாகச் சேர்க்கவில்லை. வேலை சார்ந்த நிலை என்றே வைத்திருக்கிறது. மனச்சோர்வு என்கிற டிப்ரஷன் நோய். பர்ன்அவுட்டை அளக்க அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981இல் உருவாக்கிய அளவுகோல் மூன்று கூறுகளைப் பார்க்கிறது: உணர்ச்சி வறண்டுபோவது, நோயாளியை மனிதராகப் பார்க்க முடியாமல் விலகுவது, ‘நான் எதையும் சாதிக்கவில்லை’ என்ற எண்ணம். அறுவைப் பயிற்சியாளர்களிடம் மூன்றாவது பெரும்பாலும் கடைசியில்தான் வரும். கேஸ் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருப்பதால் சாதிக்கிறோம் என்ற உணர்வு ஓரளவு நிற்கும். அதற்குள் முதல் இரண்டும் முற்றியிருக்கும்.

நடைமுறையில் பிரித்தறிய ஒரு வழி உண்டு. தொடர்ந்து ஏழெட்டு நாள் விடுப்பு கிடைத்து, அதில் முதல் இரண்டு மூன்று நாள் தூங்கித் தீர்த்த பிறகு ஆள் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். சிரிப்பு திரும்பி, பசி எடுத்து, வேலைக்குத் திரும்பும் முந்தைய மாலையில் மட்டும் வயிறு பிசைந்தால் அது பெரும்பாலும் பர்ன்அவுட். விடுப்பிலும் அந்தச் சோர்வு கூடவே வந்து உட்கார்ந்திருந்தால், பிடித்த எதுவும் பிடிக்காமல், தூங்க நேரமிருந்தும் விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு விழிப்பு வந்து மறுபடி தூக்கம் பிடிக்காமல் இருந்தால், மனச்சோர்வை நினைக்க வேண்டும். இது துல்லியமான சோதனை என்று சொல்ல மாட்டோம். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்கள் நிறைய. ஆனால் மருத்துவரைப் பார்க்க வேண்டுமா, டூட்டி அட்டவணையை மாற்ற வேண்டுமா என்ற முதல் கேள்விக்கு இது போதும். இரண்டுமே தேவை என்பதுதான் பல சமயம் பதில்.

இன்னொரு அடையாளம் அறுவைத் துறைக்கே உரியது. பல வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேஸ் உங்கள் பெயரில் போடப்பட்டு, காலையில் அது ரத்தானால் எரிச்சல் வர வேண்டும். நிம்மதி வந்தால், அதுவும் மறுபடி மறுபடி வந்தால், அதை வெறும் களைப்பு என்று கடந்து போகாதீர்கள்.

மனச்சோர்வை அளக்க பிஹெச்க்யூ-9 என்ற கேள்வித்தாள் போதும். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. கடந்த 2 வாரங்களை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். 5 முதல் 9 வரை லேசானது, 10 முதல் 14 வரை மிதமானது, 15 முதல் 19 வரை ஓரளவு கடுமையானது, 20 முதல் கடுமையானது. அமெரிக்காவில் முதலாண்டுப் பயிற்சி மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியான ஆய்வில், பயிற்சி தொடங்கும் முன் 10ஐத் தொட்டவர்கள் 3.9 சதவீதம், பயிற்சி ஆண்டில் அது சராசரியாக 25.7 சதவீதமாக ஏறியது. அதே ஆட்கள்தான். உள்ளே வரும்போதே மனம் பலவீனமாக இருந்தவர்கள் என்ற பழைய விளக்கத்துக்கு இதற்கு மேல் மறுப்பு வேண்டியதில்லை.

இந்தத் தாளை நிரப்பும்போது மருத்துவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. தூக்கம், களைப்பு, பசி பற்றிய கேள்விகள் வந்ததும் “இது டூட்டியால், நோயால் அல்ல” என்று 0 போட்டுவிடுவார்கள். அந்தக் கேள்வித்தாள் காரணம் கேட்கவே இல்லை. இருக்கிறதா, எத்தனை நாள் என்றுதான் கேட்கிறது. இருப்பதை அப்படியே போடுங்கள். பிரிக்கும் வேலையை உங்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர் செய்வார். வேண்டுமானால் டூட்டி இல்லாத நாட்களில் எப்படி இருந்தது என்று ஓரத்தில் எழுதிக்கொண்டு போங்கள், மிகவும் உதவும்.

ஒன்பதாவது கேள்வி இறந்துவிடலாம் என்ற எண்ணத்தையும், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தையும் பற்றியது. மொத்தம் 4 வந்தாலும் சரி, 24 வந்தாலும் சரி, அந்த ஒரு கேள்விக்கு 0 தவிர வேறு எது வந்தாலும் அன்றே ஒருவரிடம் பேச வேண்டும். அமெரிக்காவின் பொது அறுவைப் பயிற்சியாளர்களிடம் நடத்தி 2019இல் வெளியான பெரிய ஆய்வில், முந்தைய ஓராண்டில் அந்த எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் 4.5 சதவீதம். இருபது பேர் படிக்கும் துறையில் ஏறக்குறைய ஒருவர். அவர் யார் என்று பார்த்தவுடன் தெரியாது.

சக மருத்துவராக நீங்கள் கேட்பதென்றால் சுற்றி வளைக்காதீர்கள். “செத்துப்போகலாம்னு தோணுதா?” என்றே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைக்காது. மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இது. ‘ஆமாம்’ என்றால் அடுத்த கேள்வி, எப்படி என்று யோசித்துவைத்திருக்கிறாரா என்பது. யோசித்திருந்தால் அவரைத் தனியே விடக் கூடாது. அந்த நொடியிலிருந்து அவர் டூட்டியில் இல்லை. டூட்டி போனை வாங்கி வேறொருவரிடம் கொடுங்கள், மருந்து அலமாரிச் சாவி அவர் கையில் இருக்க வேண்டாம், அவசர மனநலப் பிரிவுக்கு நீங்களே கூடப் போங்கள். “யாரிடமும் சொல்லாதே” என்று கெஞ்சினால், “தேவையான ஒருவரிடம் மட்டும் சொல்வேன்” என்பதே சரியான பதில். ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டால் பிறகு உங்கள் கை கட்டப்பட்டுவிடும். பல நாள் வாடியிருந்தவர் காரணமே இல்லாமல் சட்டென்று அமைதியாகி, தன் பொருட்களையும் புத்தகங்களையும் பிறருக்குக் கொடுக்க ஆரம்பித்தால் ‘தேறிவிட்டார்’ என்று நினைக்க வேண்டாம். உடனே கேளுங்கள்.

இந்த எண்ணம் உங்களுக்கே இருந்தால், இந்தப் பத்தியோடு நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருக்கும் ஒருவரையோ உங்கள் பகுதியின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அழையுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

சிகிச்சைக்குப் போகும் வழியில் மருத்துவர்கள் தடுக்கி விழும் இடம் சுய மருத்துவம். தூக்கத்துக்கு நண்பரிடம் எழுதி வாங்கிய அல்பிரசோலம் அல்லது சோல்பிடெம், இரவு டூட்டி மாறி மாறி வருவதால் மூன்று வாரத்தில் பழக்கமாகிவிடும். மது தூக்கத்தின் முதல் பாதியைத் தந்து இரண்டாம் பாதியைப் பிடுங்கிக்கொள்ளும். தியேட்டர் மருந்துகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1889இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்தபோது அறுவைப் பயிற்சிக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்த வில்லியம் ஹால்ஸ்டெட், கோக்கேயினைத் தன் மீதே சோதித்து அடிமையாகி, பிறகு மார்ஃபினுக்கும் அடிமையாக இருந்தவர். பயிற்சியாளர் மருத்துவமனையிலேயே தங்கி இரவு பகலாக வேலை செய்ய வேண்டும் என்ற வழக்கம் அவர் காலத்தில் வேரூன்றியது என்பதை இடையில் நினைத்துப் பார்க்கலாம்.

போக வேண்டியது உங்கள் யூனிட்டுக்கும் தேர்வுக்கும் தொடர்பில்லாத மனநல மருத்துவரிடம். முடிந்தால் வேறு மருத்துவமனையில். முதல் சந்திப்பில் ஹீமோகுளோபின், தைராய்டைக் காட்டும் டிஎஸ்ஹெச், பி12, சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது; ரத்தசோகையும் தைராய்டு குறைவும் அச்சு அசலாக மனச்சோர்வு போலவே வேஷம் போடும். கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று: தூங்காமலே நாள்கணக்கில் உற்சாகமாக, வேகமாக, பேச்சு நிற்காமல் இருந்த காலம் எப்போதாவது உண்டா? குடும்பத்தில் யாருக்காவது இருமுனைக் கோளாறு உண்டா? இருந்தால் மருந்தின் திசையே மாறும். தூக்கம் கெடுவதே அந்தக் கோளாறைத் தூண்டும் என்பதால் இரவு டூட்டி விஷயமும் மாறும்.

வழக்கமாகத் தொடங்குவது எஸ்எஸ்ஆர்ஐ என்ற மனச்சோர்வு மருந்து வகை. எஸ்சிடலோப்ராம் என்றால் 5 மில்லிகிராமில் ஆரம்பித்து ஒரு வாரத்தில் 10. செர்ட்ராலின் என்றால் 25இல் ஆரம்பித்து 50. எது, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர் தீர்மானிப்பார். எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம். முதல் வாரம் குமட்டல், படபடப்பு, தூக்கக் குழப்பம் வரலாம். அதனால் இரண்டு நாள் ஓய்வு சேர்ந்து வரும் சமயத்தில் தொடங்கினால் நல்லது. 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை உண்டு. வாரம் ஒருமுறையாவது யாராவது கேட்க வேண்டும். பலன் தெரிய 2 முதல் 4 வாரம், மருந்து வேலை செய்கிறதா என்று முடிவு சொல்ல 6 முதல் 8 வாரம். மூன்றாம் நாளே “ஒன்றும் ஆகவில்லை” என்று நிறுத்துபவர்களில் மருத்துவர்கள்தான் அதிகம் இருப்பார்களோ என்று தோன்றுகிறது.

அறுவை மருத்துவரின் பெரிய பயம் கை நடுக்கம். எஸ்எஸ்ஆர்ஐ சிலருக்கு மெல்லிய நடுக்கம் தரும், பெரும்பாலும் அளவைப் பொறுத்தது. வந்தால் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றலாம். நடுக்கத்தைக் குறைக்கும் ப்ரோப்ரனலாலை நீங்களே சேர்த்துக்கொள்ளாதீர்கள். அதற்கு முன், காபியை எண்ணிப் பாருங்கள். நடுக்கத்தின் பாதிப் பழி அதற்குத்தான் போகும். மிர்டாஸபின் என்ற வேறொரு மனச்சோர்வு மருந்து தூக்கத்தை நன்றாகக் கொடுக்கும், ஆனால் இரவு இரண்டு மணிக்கு போன் அடித்தால் தெளிவாக எழுந்திருக்க முடியாது. டூட்டி இரவுகளுக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். இன்னொரு பொறி: முதுகு வலிக்கு இஷ்டத்துக்கு விழுங்கும் டைக்ளோஃபெனாக். எஸ்எஸ்ஆர்ஐயோடு சேர்ந்தால் இரைப்பை ரத்தக்கசிவு அபாயம் கூடும். டிரமடால் என்ற வலி மருந்து சேர்ந்தால் செரடோனின் மிகைப்பு என்ற ஆபத்தான நிலை வரலாம். இவையெல்லாம் நோயாளிக்கு எழுதும்போது நன்றாகவே நினைவிருக்கும்.

பேச்சு வழிச் சிகிச்சைக்கும் மருந்துக்குச் சமமான இடம் உள்ளது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்றால் பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள். இதில் தோற்பது பெரும்பாலும் நேர ஒதுக்கீட்டில். “ஓய்வு கிடைக்கும்போது போகிறேன்” என்றால் இரண்டாவது அமர்வே நடக்காது. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், அட்டவணையில் எழுதப்பட்டு, அந்த நேரம் போனை யார் வைத்திருப்பார் என்ற பெயரோடு இருக்க வேண்டும். டூட்டி முடிந்த காலையில் வைக்காதீர்கள், தூங்கிவிடுவீர்கள்.

தூக்கத்தைப் பற்றி ஆயிரம் அறிவுரை உண்டு, பெரும்பாலானவை இரவு டூட்டி பார்க்காதவர்கள் சொன்னவை. உண்மையில் கைக்கு வருபவை சில. காஃபீனின் அரை ஆயுள் ஏறத்தாழ 5 மணி நேரம். தூங்க நினைக்கும் நேரத்துக்கு 6 மணி நேரம் முன்பு கடைசிக் கோப்பை. நடுவில் தூங்கக் கிடைத்தால் 20 நிமிடம் அல்லது 90 நிமிடம். இடைப்பட்ட அளவில் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டுக் குழம்புவோம். எழுந்த முதல் 15 முதல் 30 நிமிடம் மூளை முழுதாக விழித்திருக்காது. அந்த நேரத்தில் போனில் மருந்து அளவு சொல்ல நேர்ந்தால் செவிலியரைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். 24 மணி நேரம் விழித்திருப்பது ரத்தத்தில் 0.10 சதவீத ஆல்கஹாலுக்கு நிகராகக் கை-கண் ஒத்திசைவைக் குறைக்கும் என்று 1997இலேயே காட்டிவிட்டார்கள். நீண்ட டூட்டி முடித்து வண்டி ஓட்டிப் போகும்போது விபத்து வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் என்று 2005இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அங்கேயே ஒரு மணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள், அல்லது வேறொருவர் ஓட்டட்டும்.

இனி, தனி ஆள் செய்வதைவிட அதிகம் பலன் தருவது: டூட்டி கணக்கு. நான்கு பேர் கொண்ட யூனிட் என்று வையுங்கள். 28 நாளில் ஒருவருக்கு 7 டூட்டி. காலை 6 முதல் மறுநாள் காலை 6 வரை 24 மணி நேரம், பிறகு பொறுப்பை ஒப்படைக்க 4 மணி நேரம், ஆக ஒரு டூட்டிக்கு 28. ஏழுக்கு 196. டூட்டியும் அதன் மறுநாளும் போக மிச்சம் 14 நாள். அதில் 4 நாள் விடுமுறை, 10 நாள் 12 மணி நேர வேலை, ஆக 120. மொத்தம் 316, வாரத்துக்கு 79. அமெரிக்காவில் 2003இல் வந்த 80 மணி நேர வரம்புக்குள் நூலிழையில் நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 48 மணி நேரத்தோடு இதை ஒப்பிடவே வேண்டாம்.

இப்போது ஒரே ஒரு மாற்றம். மறுநாள் காலை 10 மணிக்குக் கிளம்ப வேண்டியவர், “இந்த ஒரு கேஸுக்கு மட்டும் நில்லு” என்று மாலை 4 வரை இருக்கிறார். டூட்டிக்கு 34 மணி நேரம், மொத்தம் 358, வாரத்துக்கு 89.5. யாரும் புதிய டூட்டி போடவில்லை, ஆனால் வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கூடிவிட்டது. ஒருவர் விடுப்பில் போய் மூன்று பேர் ஆனால், 10 மணிக்குக் கிளம்பும் வரை வாரம் சுமார் 81தான். 4 மணி என்றால் 95ஐத் தாண்டும். யூனிட் தலைவர் ஒரே ஒரு விதியை மட்டும் காப்பாற்ற முடியும் என்றால், டூட்டி முடித்தவர் பத்து மணிக்குக் கட்டடத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பதைக் காப்பாற்றட்டும். அதற்கு சீனியர் ஒருவர் பத்து மணிக்கு வந்து அவர் கையிலிருக்கும் போனை வாங்க வேண்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் நடக்காது.

ஆனால் மணி நேரம் மட்டுமே விஷயம் என்றும் சொல்லிவிட முடியாது. 2016இல் வெளியான ஃபர்ஸ்ட் என்ற ஆய்வில், டூட்டி நேர விதிகளைத் தளர்த்திய அறுவைப் பயிற்சித் துறைகளிலும் கண்டிப்பாகக் கடைப்பிடித்த துறைகளிலும், தங்கள் ஒட்டுமொத்த நலன் பற்றிய பயிற்சியாளர்களின் அதிருப்தி ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தது. முன்பு சொன்ன 2019 ஆய்வில் 38.5 சதவீதத்தினர் வாரம் ஒருமுறையாவது பர்ன்அவுட் அறிகுறி இருப்பதாகச் சொன்னார்கள், பெண்களிடம் கூடுதல். திட்டு, அவமானம், பாகுபாடு, பாலியல் தொந்தரவு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்தபோது, பர்ன்அவுட்டில் ஆண்-பெண் வித்தியாசம் மறைந்துவிட்டது. தியேட்டரில் கருவியை வீசுவதும் நோயாளி முன்னால் திட்டுவதும் ‘கண்டிப்பான பயிற்சி’ என்று பெயர் பெற்றிருக்கும் இடங்களில், யோகா வகுப்பு நடத்துவது பற்றி எங்களுக்குப் பெரிய மதிப்பில்லை.

சிக்கல் வந்த கேஸ் தனி அத்தியாயம். தையல் இணைப்பு கசிந்தாலோ, நோயாளி இறந்தாலோ அந்த மருத்துவருக்கு அடுத்த சில நாட்கள் மிகவும் கடினமானவை. அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் வு 2000இல் இத்தகைய மருத்துவரை ‘இரண்டாவது பாதிக்கப்பட்டவர்’ என்று குறித்தார். செய்ய வேண்டிய வரிசை எளிது. முதலில் நடந்ததை மட்டும், ஊகமும் சுய பழியும் இல்லாமல், நேரம் போட்டுப் பதிவில் எழுதுங்கள். குடும்பத்திடம் சீனியரோடு சேர்ந்து பேசுங்கள். பயிற்சியாளரைத் தனியாக அனுப்புவது கோழைத்தனம். அன்று மாலை சீனியர் ஒருவர் தானாகப் போன் செய்ய வேண்டும், “ஏதாவதுன்னா கூப்பிடு” என்பது போன் செய்ததாகாது. அதே வகைக் கேஸ் அடுத்து வரும்போது கூட ஒருவர் ஸ்க்ரப் ஆகி அறுவையில் நிற்கட்டும், ஆனால் கேஸைப் பறிக்க வேண்டாம். மரண ஆய்வுக் கூட்டத்தில் “யார் செய்தது” என்பதற்கு முன் “எந்தக் கட்டத்தில் வேறு முடிவு எடுத்திருக்கலாம்” என்று தொடங்கினாலே பாதிப் பேர் மறுநாள் வேலைக்கு நிமிர்ந்து வருவார்கள்.

விடுப்புக் கேட்கும்போது நோயின் பெயரைத் துறைத் தலைவரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. “மருத்துவச் சிகிச்சையில் இருக்கிறேன், நான்கு வாரத்துக்கு இரவு டூட்டி பார்க்கக் கூடாது, வாரம் ஒரு மணி நேரம் சிகிச்சைக்குப் போக வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்” என்பது போதும். மருத்துவரின் கடிதத்திலும் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, எத்தனை நாள் என்று மட்டும் இருக்கட்டும். “கொஞ்சம் கஷ்டமா இருக்கு சார்” என்று தொடங்கினால் பத்து நிமிடம் அறிவுரை கிடைக்கும், விடுப்பு கிடைக்காது. உங்கள் டூட்டிகளை யார் எப்படிப் பங்கிடுவது என்று ஒரு வரைவையும் கொண்டுபோனால் பேச்சு சீக்கிரம் முடியும். பயிற்சிக் காலத்தில் எத்தனை நாள் விடுபட்டால் காலம் நீளும் என்பதை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சீனியர்கள் வாய்மொழியாகச் சொல்வது பல சமயம் பழைய விதி.

திரும்பி வருவது படிப்படியாக இருக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் பகல் வேலை, திட்டமிட்ட கேஸ்கள், முதல் வாரம் அசிஸ்ட் மட்டும். மூன்றாவது வாரம் பழகிய கேஸ்களைச் சீனியர் முன்னிலையில். ஐந்தாவது வாரத்தில் துணையோடு ஒரு இரவு டூட்டி, அது சரியாகப் போனால் அட்டவணைக்குள். கெடுவது பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில். தனக்காக டூட்டி பார்த்தவர்களின் கடனைத் தீர்க்க வேண்டும் என்று இவரே இரண்டு இரவுகளைக் கேட்டு வாங்குவார், மற்றவர்களும் மறுக்க மாட்டார்கள். அட்டவணை போடுபவர் மறுக்க வேண்டும். பிஹெச்க்யூ-9ஐ 2, 4, 8 வாரங்களில் மறுபடி போட்டுப் பாருங்கள். 5க்குக் கீழே வந்த பிறகும் மருந்து குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். அந்த 6 மாதத்துக்குள் பெரும்பாலும் ஒரு தேர்வு வரும், ‘தேர்வு வரைக்கும் மந்தமாக இருக்கக் கூடாது’ என்று மாத்திரையை நிறுத்தத் தோன்றும். நிறுத்துவதாக இருந்தால் அந்த 6 மாதமும் தேர்வும் முடிந்த பிறகு, மருத்துவரைக் கேட்டு, சில வாரங்கள் எடுத்து அளவைக் குறைத்துக் குறைத்துத்தான்.